சந்தை கூடாத ஆறு செவ்வாய்கள்

நான் போய் இறங்கியபோது அந்த ஊருக்கு ஒரு பெயர்கூட இருக்கவில்லை. அன்னூரில் பேருந்து ஏறி, கையிலிருந்த உத்தரவுத் தாளைப் பார்த்து அதில் போட்டிருந்த கிராமத்தின் பெயரைச் சொன்னேன். கண்டக்டர் கொஞ்சம் யோசித்தார்.

"அந்த ஊரு ரோட்டுல இருந்து உள்ள மூணு மைலுங்க. நீங்க எங்க போகோணும்?"

"கால்நடை மருந்தகத்துக்கு."

"அட, மாட்டாஸ்பத்திரிங்களா! தொட்டி ஸ்டாப்புன்னு கேளுங்க" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தாறு வயது. முதல் வேலை. வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா இலை பறித்தார், அப்பா செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு பசு எப்போதும் இருக்கும். அதன் பால்தான் என்னைக் கல்லூரிவரை கொண்டுபோனது. மாட்டு டாக்டருக்குப் படிக்கிறேன் என்றபோது லைனில் எல்லாரும் சிரித்தார்கள், அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

தொட்டி ஸ்டாப்பில் நான் பார்த்தது இவ்வளவுதான்: சாலையோரம் இருபது முழ நீளத்தில் ஒரு கல்தொட்டி, அதற்குப் பின்னால் மேடாக விரிந்த ஒரு திடல், திடலில் வேப்பமரங்கள். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடை, ஒரு கயிற்றுக்கடை, லாடம் அடிக்கிற கொட்டகை, சைக்கிள் கடை. கடைகளுக்குப் பின்னால் கொஞ்சம் வீடுகள். திடலின் மூலையில் ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறை. அதுதான் என் மருந்தகம், வீடும் அதுதான். கோயில் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, தபால்பெட்டி இல்லை. நான் இறங்கியது ஒரு திங்கட்கிழமை. ஊரில் ஆள் அரவமே இல்லை.

மறுநாள் காலை கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே தரை தெரியவில்லை. எங்கும் மாடுகள். காங்கேயம் காளைகள், மலைமாடுகள், சீமைக் கலப்புப் பசுக்கள், எருமைகள், கன்றுகள். துண்டுக்கடியில் கைவிரல்களைப் பிடித்து விலை பேசும் தரகர்கள். சாணி வாசமும் புழுதியும் அதட்டல்களும். பொழுது சாயும்போது எல்லாம் போய்விட்டது. அடுத்த ஆறு நாட்களுக்கு மறுபடியும் அந்த அமைதி. அந்த ஊர் வாரத்தில் ஒருநாள் மட்டும் உயிரோடிருந்து, மற்ற நாட்களில் அந்த ஒருநாளுக்காகக் காத்திருந்தது.

அந்த ஊர் எப்படி உண்டானது என்பதை எனக்குச் சொன்னவர் சாப்பாட்டுக்கடை அக்கா. நாற்பதைத் தாண்டியவர். அவரும் அவர் கணவரும் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தோட்ட வேலை செய்த குடும்பத்தார். கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது, இருவரும் வெள்ளை உடுத்திப் பேருந்து ஏறி ஆராதனைக்குப் போய்விடுவார்கள். மற்ற ஆறு நாளும் எனக்கு மூன்று வேளைச் சாப்பாடு அவர் கையில்தான்.

"முன்னால இது வெறும் பாதைங்க கண்ணு" என்றார் ஒருநாள், உளுந்து களைந்துகொண்டே. "மைசூர்ப் பக்கமிருந்து திம்பம் மலை எறங்கி, மாட்ட ஓட்டிக்கிட்டுப் பாலக்காட்டுக்கு நடந்தே போவாங்க. இந்த எடத்துல தோட்டத்துக்காரர் ஒருத்தர் கெணறு இருந்துச்சு. தாகத்துல மாடு வாய்க்கால்ல எறங்கி வெள்ளாமைய மிதிச்சுப்போடும். அவரு சண்டைக்குப் போகல. ரோட்டோரமா கல்லுத்தொட்டி கட்டித் தண்ணி விட்டுட்டாரு. தண்ணி இருந்தா மாடு நிக்கும். மாடு நின்னா ஓட்டிக்கிட்டு வாரவன் நிப்பான். அவன் நிக்கறான்னு தெரிஞ்சா வாங்கறவன் இங்கயே வந்துருவானுங்கல்ல? அப்புடித்தான் சந்தை."

"நீங்க எப்ப வந்தீங்கக்கா?"

"கண்ணாலமான அடுத்த வருசம். ஒரு குண்டா கம்பங்கூழ் கரைச்சு, அந்த வேப்பமரத்தடியில வெச்சு உக்காந்தேன். உச்சிப்பொழுதுக்குள்ள தீந்துபோச்சு. அடுத்த வாரம் ரெண்டு குண்டா. அதுக்கப்பறம் தோட்ட வேலைக்கு நாங்க போகவே இல்லீங்க." அவர் உளுந்துத் தண்ணீரைச் சாய்த்துவிட்டுச் சிரித்தார். "மொதல்ல வந்தது மாடு. மனுசரெல்லாம் மாட்டுக்குப் பொறவால வந்தவங்கதான்."

கயிற்றுக்கடைக்காரரும் லாடக்காரரும் அப்படித்தான் ஒருவர் பின் ஒருவராக வந்தவர்கள். எல்லாரும் வேறு எங்கோ நிலமில்லாமல், அல்லது இருந்த நிலம் போதாமல், மாட்டுக் குளம்படியைப் பின்பற்றி வந்து தங்கியவர்கள். அந்தத் திடலில் யாரும் பூர்வகுடி என்று சொல்லிக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து வந்த எனக்கு அது முதலில் ஓர் ஆறுதலாக இருந்தது.

ஆனால் மருந்தகத்துக்கு யாரும் மாடு கொண்டுவரவில்லை. மாடு கட்டியிருக்கும் கட்டுத்தரைக்கு ஒரு பெண் வந்து சினை ஊசி போடுவது அவர்களுக்குப் பழக்கமில்லாதது. வாசல்வரை வந்து, "டாக்டர் இல்லீங்களா?" என்று என்னிடமே கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தையின் மூத்த தரகர் ஒரு காளையைக் கயிற்றோடு பிடித்துவந்து என் வாசலில் நிறுத்தினார். பெரிய மீசை, தோளில் பச்சைத் துண்டு. சுற்றிலும் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

"ஏனுங் டாக்டரம்மணி, இதுக்கு வயசென்ன இருக்குமுங்க?"

வாயைத் திறந்து பார்த்தேன். "ஆறு பல். நாலு வயசைத் தொடுது. இடது பக்கக் கடைசிப் பல் இப்பத்தான் முளைக்குது."

தரகர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னேனல்லோ? படிச்ச புள்ளைக்குத் தெரியும்" என்றார், ஏதோ அவர்தான் என்னைப் படிக்கவைத்ததுபோல. அன்றிலிருந்து மாடுகள் வரத் தொடங்கின.

தொட்டியைக் கட்டியவரின் மகன்தான் அப்போதைய தோட்டத்துக்காரர், ஐம்பது வயது. அதே தோட்டத்தில் இருந்தார். சீமைக் கலப்புப் பசுக்கள் ஒன்பது வைத்திருந்தார். நல்ல விவசாயி, அதிகம் பேசமாட்டார். அவர் மனைவி பேசுவார். முதல்முறை நான் அங்கே போனது ஒரு பிரசவத்துக்கு. கன்றின் தலை பின்னால் திரும்பிச் சிக்கியிருந்தது. காலை பத்து மணிக்குக் கையை உள்ளே விட்டவள், பதினொன்றரைக்குத்தான் கன்றை வெளியே எடுத்தேன். என் கை சிறியது என்பதால் அது முடிந்தது. கன்று மூச்சுவிட்டதும் அந்த அம்மா முகமெல்லாம் மலர்ந்தார். பிறகு கேட்டார்: "உங்க ஊடு எங்கீங்க? அப்பா என்ன பண்றாருங்க?"

"வால்பாறைங்க. எஸ்டேட்ல கூலி வேலை."

அவர் தலையசைத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "இருங்க, காப்பி கொண்டாரேன்" என்று உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். வீட்டு வெளிச்சுவரின் மாடத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்துக் கழுவி, அதில் ஊற்றித் தந்தார். நான் கட்டுத்தரை ஓரமாக நின்றே குடித்தேன். அதைப் பற்றி அக்காவிடம்கூட நான் பேசியதில்லை. அக்காவுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதும் இல்லை.

இரண்டாவது வருடம், ஐப்பசி மழை விட்டிருந்த சமயம். எட்டு மைல் தள்ளி ஒரு கிராமத்தில் ஒரு காளை தீனி எடுக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். மொபெட்டில் போனேன். வாயிலிருந்து நூல்நூலாக எச்சில். நாக்கில் கொப்புளம், குளம்பிடுக்கில் புண். கோமாரி. ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் காற்றுப்போலப் பரவுகிற நோய். வாயைக் கழுவி, புண்ணுக்கு மருந்து போட்டு, அந்த மாட்டைத் தனியாகக் கட்டச் சொன்னேன். கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

நேராக வீட்டுக்குப் போய்க் குளித்து, உடை மாற்றியிருக்கவேண்டும். அது எனக்குத் தெரியும். பாடத்தில் படித்திருக்கிறேன், தேர்விலும் எழுதியிருக்கிறேன். ஆனால் காலையிலேயே தோட்டத்துக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். அவருடைய பசு ஒன்று பருவத்துக்கு வந்து கத்துகிறது, சினை ஊசி போடவேண்டும் என்று. அந்தச் சில மணிநேரத்தை விட்டால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்கவேண்டும். வழியில்தான் தோட்டம். கையைத்தான் கழுவிவிட்டோமே என்று நினைத்தேன். செருப்பில் அந்தக் கட்டுத்தரைச் சேறு ஒட்டியிருந்தது. அப்படியே போய் ஊசி போட்டுவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஆள் மறுபடி வந்தான். "மாடு வாயில நொரை தள்ளுதுங்க."

அங்கே போனபோது மூன்று பசுக்கள் வாயை மென்றுகொண்டு நின்றன. நான் ஊசி போட்ட பசுதான் முதலில். அதற்கு அடுத்து அதன் இருபக்கமும் கட்டியிருந்தவை. வேறு எந்தத் தடயமும் எனக்குத் தேவைப்படவில்லை. மருந்து போட்டேன், செய்யவேண்டியதைச் சொன்னேன். இந்தமுறை செருப்பையும் காலையும் சலவைச் சோடாத் தண்ணீரில் கழுவினேன். ஆனால் எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

மருந்தகத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் அங்கே சம்பாதித்தது எல்லாம் இரண்டு வருட நம்பிக்கை. அது போய்விடும். போனால், பெண் டாக்டர் என்றாலே இப்படித்தான் என்று எனக்குப் பின்னால் வருபவளுக்கும் கதவு அடைந்துவிடும். காற்றில் வந்தது என்று சொல்லலாம், யாரும் மறுக்கமாட்டார்கள். மத்தியானம் ஆராதனை முடிந்து திரும்பிய அக்கா, நான் பெஞ்சில் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உள்ளே வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சொல்லிப்போடு கண்ணு" என்றார். "நாளாக ஆக அது பெருசாத்தான் போகும். இப்பவே போ. நானும் வாரேன்."

இருவரும் வரப்பில் நடந்து போனோம். தோட்டத்துக்காரர் கட்டுத்தரையில் ஒரு கன்றைத் தடவிக்கொண்டு நின்றார். அந்தக் கன்று அதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. சிறு கன்றுகளுக்குக் கோமாரி நெஞ்சில் அடிக்கும். நான் எடுத்த கன்று அல்ல அது, அதற்கடுத்து வேறொரு பசுவுக்குப் பிறந்தது.

"இது நான் கொண்டுவந்ததுங்க" என்றேன். எங்கே போனேன், என்ன பார்த்தேன், ஏன் அப்படியே வந்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். "உங்களுக்குப் புகார் எழுதணும்னா எந்த அதிகாரிக்கு எழுதணும்னு நானே சொல்றேன்."

அவர் முகம் இறுகிப்போனது. கன்றைவிட்டுக் கையை எடுத்தார். பிறகு, "தெரிஞ்சேதான் வந்தீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. கை கழுவினா போதும்னு நினைச்சேன்."

அவர் திரும்பிக் கிணற்றுப் பக்கம் போய்விட்டார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி வாசலுக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். "காத்தால இருந்து ஒண்ணும் சாப்பிடலீங்களா?" என்றார். "உள்ள வாங்க. அக்கா, நீங்களும் வாங்க. வந்து உக்காருங்க மொதல்ல."

அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். அந்த வீட்டுக்குள் அதுவரை நாங்கள் இருவருமே போனதில்லை. கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்து, தட்டில் சோறும் பருப்பும் ரசமும் போட்டார் அந்த அம்மா. தவறு செய்துவிட்டு வந்து நின்ற நாளில்தான் எனக்கு அந்த வாசல் திறந்தது. ஏன் என்று நான் அவரிடம் கேட்டதில்லை.

நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்போது தோட்டத்துக்காரர் திரும்பி வந்தார். வாசற்படியில் நின்று கேட்டார்: "நாளான்னிக்குச் சந்தையல்லோ? அதுக்கு என்ன பண்றது?"

அவர் கட்டுத்தரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தையைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

திங்கட்கிழமை காலை அன்னூருக்குப் போய் எஸ்டிடி பூத்திலிருந்து மேலதிகாரியிடம் பேசினேன். தடுப்பூசி மருந்து மறுநாள் வரும், சந்தையை மூடும் உத்தரவு மாவட்ட அலுவலகத்திலிருந்து வர ஒரு வாரமாவது ஆகும் என்றார். அதற்குமுன் மூடச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மத்தியானம் சாப்பாட்டுக்கடை முன்னால் எல்லாரும் கூடினார்கள். தரகர், கயிற்றுக்கடைக்காரர், லாடக்காரர், வீடுகளில் இருந்த பெண்கள், தோட்டத்துக்காரர். நான் விஷயத்தைச் சொல்லி, ஆறு வாரம் சந்தை கூடக்கூடாது என்றேன்.

தரகர்தான் முதலில் பேசினார். "டாக்டரம்மணி, நீங்க சொல்றது ஞாயந்தான். ஆனா ஒரு செவ்வா சந்தை இல்லீன்னா ஏவாரி அடுத்த செவ்வா வேற சந்தைக்குப் போயிருவானுங்க. போனவன் மறுக்கா வரமாட்டான். சந்தை இல்லீன்னா இந்த ஊருல என்ன இருக்குதுங்க? வெறும் தொட்டி."

அது உண்மை. எல்லாரும் தலையாட்டினார்கள்.

"ஏனுங்க, இந்த நோவு இங்க எப்படி வந்துச்சுங்க?" என்று லாடக்காரர் கேட்டார்.

தோட்டத்துக்காரர் என்னைப் பார்த்தார். அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. என்னிடமே விட்டுவிட்டார்.

"நான்தான் கொண்டுவந்தேன்" என்றேன். "ஒரு கட்டுத்தரையில மிதிச்ச செருப்போட இன்னொரு கட்டுத்தரைக்குப் போனேன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "படிச்சவங்களே இப்புடியா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அப்போது தோட்டத்துக்காரர் எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை.

"காத்தால ஒரு கன்னு செத்துப்போச்சு" என்றார். "எனக்குக் கோவந்தான் வந்துச்சு. இல்லீன்னு சொல்லல. ஆனா அது ஒரே ஒரு செருப்புல வந்த நோவு. நாளைக்கு இந்தத் தெடல்ல நிக்கப்போறது எத்தன கால்னு நீங்களே நெனச்சுப் பாருங்க. பொழுது எறங்கறதுக்குள்ள எத்தன ஊருக்குப் போகும்? இந்தப் புள்ள சொல்லாம இருந்திருந்தா நமக்குத் தெரியவே தெரியாது. சொன்னதுக்குக் கேட்டுக்குவம்."

தரகர் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ற சின்ன வயசுல எங்கப்பனோட மாடு ஓட்டிக்கிட்டு வந்தேன்" என்றார் மெதுவாக. "பாதி வழியில இதே காணை நோவு கண்டுபோச்சு. நடக்கமாட்டாம ரோட்டுலயே படுத்துக்கிச்சுக. ஒவ்வொண்ணா விட்டுட்டு நடந்தோம். எங்கப்பன் அழுது அன்னிக்குத்தான் பாத்தேன்." துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "ஆறு செவ்வாதானுங்களே? சரி. மூடிப்போடலாம்."

மறுநாள் விடியும் முன்பே எல்லாரும் பிரிந்து, வரும் மாடுகளைத் திருப்பி அனுப்ப ஊருக்கு வரும் மூன்று பாதைகளிலும் நின்றோம். தோட்டத்துக்காரர் குளித்து உடை மாற்றி, சத்தியமங்கலம் பாதையில் ஒரு மைல் தள்ளி, சோடாத் தண்ணீரில் கழுவிய வண்டியில் தண்ணீர் கொண்டுபோய், வந்த மாடுகள் அங்கேயே குடித்துத் திரும்பும்படி வாயகன்ற மண் தாளிகளில் ஊற்றி வைத்தார். அக்கா குண்டா நிறையச் சோறு கட்டிக்கொண்டு வந்தார். லாரிகள் எளிதாகத் திரும்பிவிட்டன. நடந்து வந்தவர்கள்தான் பாவம். இரண்டு நாள் நடந்து வந்த ஒருவர், நாலு காளைகளோடு, என்னைப் பார்த்துக் கத்தினார். "எம் மகளுக்குக் கண்ணாலமுங்க! வித்துப்போட்டுத்தான் போகோணும்!" தரகர் அவர் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போனார். அவருடைய ஊருக்கே தானே வந்து, நோவு இல்லாத அந்தப் பக்கத்து ஆட்களிடம் விற்றுத் தருவதாக வாக்குக் கொடுத்தார். அந்த வாரமே போய் அதைச் செய்துவிட்டும் வந்தார்.

அந்த ஆறு வாரமும் நான் ஓயவில்லை. சுற்றுவட்டாரத்தில் கட்டுத்தரை கட்டுத்தரையாகத் தடுப்பூசி போட்டேன். நல்ல மாடுகளை முதலில், நோய் இருக்கும் பக்கம் கடைசியில். என் கூடவே சோடாத் தண்ணீர் வாளி ஒன்று. லாடக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்குத் தொழில் நின்றுபோயிருந்தது. ஒருநாள் அவரே, "இப்புடிக் கயித்துல கட்டிப் புடிக்கறது சிரமமா இருக்குதுங்க" என்று சொல்லி, வேலமரத்துக் கம்பங்களை நட்டு, மாடு உள்ளே போய் அசையாமல் நிற்கும்படி திடலில் ஒரு கூண்டு கட்டினார். எங்கும் பார்த்துச் செய்ததில்லை, அவர் மனதில் தோன்றியதுதான்.

ஊர்க்காரர்களுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகச் செவ்வாய்க்கிழமை வேலை இல்லை. திடலைக் கூட்டிப் பெருக்கி, சாணியை அள்ளிக் குழியில் புதைத்து, சுண்ணாம்பு தூவினார்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு சாமான் கொண்டுவந்து சேர்ந்து சமைத்தார்கள். இத்தனை வருடம் அடுத்தடுத்த கடையில் இருந்தும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட நேரம் இருந்ததில்லை அவர்களுக்கு. மூன்றாவது செவ்வாய் என்று நினைக்கிறேன், ஊருக்கு ஒரு பெயர் வைக்கவேண்டும் என்று பேச்சு வந்தது. கயிற்றுக்கடைக்காரர் தன் குலதெய்வத்தின் பெயரைச் சொன்னார். தரகரோ, ஊர்ப் பெயரில் 'சந்தை' வந்தே ஆகவேண்டும் என்றார். இருவரும் கிட்டத்தட்டச் சண்டையே போட்டுவிட்டார்கள்.

அக்கா சட்டியைக் கழுவிக்கொண்டே, "பஸ்ஸுக்காரன் வெச்ச பேரே இருந்துட்டுப் போகட்டும். அதுக்குப் போயி இத்தனை பேச்சா?" என்றார். சைக்கிள் கடைக்காரர் ஒரு தகரத்தில் பெயின்ட்டால் 'தொட்டி' என்று எழுதி வேப்பமரத்தில் ஆணியடித்தார். அரசாங்கக் கணக்கில் அந்தப் பெயர் ஏற இன்னும் பல வருடம் ஆனது. ஊர் என்னவோ அன்றைக்கே ஆகிவிட்டது.

ஏழாவது செவ்வாய் சந்தை கூடியது. தரகர் பயந்தது நடந்திருந்தது. திடலில் பாதிகூட நிறையவில்லை. பழைய வியாபாரிகள் பலர் வேறு சந்தைக்குப் பழகிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவெடுத்திருந்தார்கள். தடுப்பூசி போடாத மாடு திடலுக்குள் வரக்கூடாது. போடாமல் வந்தால் கூண்டில் நிறுத்தி நான் ஊசி போடுவேன், அது ஓரமாகத் தனியே நின்று அன்றைக்கே ஊர் திரும்பவேண்டும், மூன்று வாரம் கழித்துத்தான் உள்ளே வரலாம். எரிச்சலோடு திரும்பிப் போனவர்கள் உண்டு. மார்கழியிலும் கூட்டம் இல்லை. அக்கா இட்லி மாவைக் குறைத்துத்தான் ஆட்டினார். ஆனால் ஒருவரும் என்னிடம் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. முணுமுணுத்த அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்கூட அடுத்த மாதம் தன் எருமைக்கு என்னைத்தான் அழைத்தார். தை கடந்த பிறகு, பாலக்காட்டுப் பக்கத்து வியாபாரிகள் ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். இங்கே வாங்கும் மாடு நோய் கொண்டுவராது என்ற பேச்சு எப்படியோ அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. அடுத்த ஆடிக்குள் திடலில் மறுபடியும் தரை தெரியவில்லை.

தோட்டத்துக்காரரின் பசுக்களில் இரண்டு பால் வற்றிப்போயின. ஒன்றை விற்றுவிட்டார். நான் அதைப் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம், "போச்சாது, உடுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவரும் அவர் மனைவியும் மருந்தகத்துக்கு வந்தார்கள்.

"ஒரு மாடு எடுக்கலாம்னு இருக்கறோமுங்க" என்றார். "நீங்களே பாத்து எடுத்துக் குடுத்துருங்க."

"நானா? தரகரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவருக்குத்தான் கண்."

"அவரு பேரம் பேசட்டும். மாடு உங்க கண்ணுல படட்டும்" என்றார் அந்த அம்மா.

வெயில் ஏறும்வரை திடலில் சுற்றினேன். எத்தனையோ மாடுகளைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்குப் போல எந்த மாட்டையும் நான் பார்த்ததில்லை. பல், மடி, காம்பு, குளம்பு, நடை. கடைசியில் ஒரு செவலைக் கிடாரி. தலைச்சன் சினை. தரகர் அதைச் சுற்றிவந்து, உடம்பின் மயிர்ச்சுழிகளைப் பார்த்து, "சுழி சுத்தமா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். துண்டுக்கடியில் பேரம் முடிந்ததும் தோட்டத்துக்காரர் தலைக்கயிற்றை வாங்கி என் கையில் கொடுத்தார்.

நான் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன், அவர்கள் இருவரும் பின்னால் வந்தார்கள். தோட்டத்து வாசலில் அந்த அம்மா முந்திக்கொண்டு போய் மஞ்சள்தண்ணீர் கொண்டுவந்து, மாட்டுக்கும் எனக்கும் சேர்த்தே சுற்றினார்.

அந்த ஊரில் நான் ஏழு வருடம் இருந்தேன். மேட்டுப்பாளையம் பக்கம் மாற்றலாகிப் போவதற்குள் அந்தச் செவலை நான்கு கன்று போட்டது. அதில் மூன்று கிடாரி. டாக்டரம்மணி எடுத்துக் கொடுத்த மாடு என்று தோட்டத்துக்காரர் வருபவரிடமெல்லாம் சொல்வார். அதில் பாதி அதிர்ஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அவர் சொல்லும்போது நான் மறுத்ததில்லை.